மகோகனி ஓடை எங்க இருக்கு?

"மகோகனி ஓடை இங்க எப்படிடீ வந்துச்சு?"

நேலி டீச்சர் விரல் வெச்ச இடத்தைக் குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு மாசமா நான் வரைஞ்ச மேப். இன்னும் ஒரு மணி நேரத்துல அதைச் சுருட்டிக்கிட்டு டவுனுக்குப் படகு ஏறணும்.

"அது சதுப்புக் காடு. இடுப்பளவு சேறு, மேல கொசு. மருந்துக்குக் கூட ஒரு மகோகனி கிடையாது."

அரசாங்க மேப்புல எங்க காடு வெறும் பச்சை. ஒரு பேரு கிடையாது. பேரு இல்லாத இடம் யாருக்கும் சொந்தமில்லைன்னு ஆபீஸ்ல நினைப்பு. ஓடை, மேடு, மணல்திட்டுன்னு எல்லாத்துக்கும் எங்க அஷானிங்கா சனத்தோட பேச்சுல இருக்கிற பேரைக் குறிச்சுக் காட்டினாத்தான், தலைமுறையா இங்க இருக்கோம்னு நம்பி பட்டா குடுப்பாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த விசாரணை எப்பவோ.

"ஆமை முட்டை போடுற மணல்திட்டைப் பாறை மேல போட்டிருக்கே. மான் வந்து நக்குற உப்புச்சேறு நிஜத்துல ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு." டீச்சர் எண்ணிக்கிட்டே போனாங்க. "ஒன்பது தப்பு."

ஒன்பதும் மேல்காடு. டீச்சர் பொறந்த பக்கம். எனக்குக் காய்ச்சல்னு அங்க மட்டும் அப்தியாஸ் மாமா தனியாப் போய் எல்லாம் குறிச்சுட்டு வந்தாரு.

அப்தியாஸ் மாமா மூணு வருஷம் முன்னாடி மகோகனி மரத்தைத் திருட்டுத்தனமா வெட்டி விக்கிற கும்பலோட சேர்ந்து ரம்பம் தூக்கினவரு. ஊர் அதை இன்னும் மறக்கலை.

தலைவர் எவுசெபியோ ஆள் அனுப்பினாரு. மாமா கையில மீனோட வந்து நின்னாரு.

"இதெல்லாம் நீ சொன்ன இடமாடா?"

"ஆமா."

"தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

"வேட்டைக்குப் போறப்பவே இவன் உண்மை சொல்ல மாட்டான்"னு டீச்சர் வெடிச்சாங்க. "கிழக்கன்னு சொல்லிட்டு மேற்க போவான். போற இடத்தை வாய்விட்டுச் சொன்னா மிருகம் கேட்டுட்டு ஓடிடுமாம். மேப்புக்குமாடா அந்தப் பொய்?"

"சொன்னா ஓடித்தான் போகும்"னாரு மாமா.

"அந்தக் கும்பல்காரங்க எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?"ன்னாரு தலைவர்.

மாமா என்னைப் பார்த்தாரு. "எல்லைக் கோடு சரியா இருக்கா?"

பார்த்தேன். ஒரு முழம் கூடத் தப்பில்லை.

"அப்ப கொண்டு போங்க"ன்னுட்டு மீனைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

திருத்த நேரமில்லை. படகுல போறப்ப, பாதி ஆத்துல தலைவர் சொன்னாரு: "ஆபீஸ்ல தப்பைக் கண்டுபிடிச்சா பட்டாவும் போச்சு, மானமும் போச்சு. திரும்பிப் போனதும் அவனை ஊரைவிட்டு அனுப்பிடறேன்."

ஆபீசர் கண்ணாடியைத் துடைச்சுட்டு மேப்பை விரிச்சாரு. எல்லையை அளந்தாரு. அப்புறம் பேருங்க மேல விரல் ஊர ஆரம்பிச்சுது. நேரா அந்த ஓடை மேலயே வந்து நின்னுச்சு.

"இந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லு."

சொன்னேன்.

"நீ போயிருக்கியா?"

"போயிருக்கேன்"னு பொய் சொன்னேன்.

என்னையே பார்த்தாரு.

டக்குனு முத்திரை விழுந்துச்சு.

"முப்பது நாளைக்கு வெளிச் சுவத்துல ஒட்டி வெப்போம். யாரும் ஆட்சேபணை சொல்லலைன்னா பட்டா உங்களுக்குத்தான்."

வெளிய ஒட்டினப்பதான் கவனிச்சேன். ரம்ப எண்ணெய் படிஞ்ச கையோட ஒருத்தன் போனைத் தூக்கி மேப்பைப் படம் புடிச்சுக்கிட்டு இருந்தான். மேல்காட்டுப் பக்கத்தை மட்டும், கிட்டப் போய், ரெண்டு தடவை. பக்கத்துல இருந்தவன் ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் சொல்லிக்கிட்டு இருந்தான்.

நம்ம சொத்தை நாமளே சுவத்துல எழுதி ஒட்டிட்டோமேன்னு நினைச்சேன்.

அப்தியாஸ் மாமாவை ஊரைவிட்டு அனுப்பற பேச்சுக்கு ஞாயித்துக்கிழமை கூட்டம்னு முடிவாச்சு. அதுக்கு மூணு நாள் முன்னாடி, ரம்பத்தோட ரெண்டு படகு எங்க துறையைத் தாண்டி மேல்காட்டுப் பக்கம் போச்சு. ஆறு பேரு. துறையில இருந்த யாரையும் அவங்க வழி கேட்கலை.

ஞாயித்துக்கிழமை கூட்டம் கூடற நேரத்துக்குத் திரும்பி வந்தாங்க. கட்டை ஒண்ணு கூட இல்லை. கொசு கடிச்சு மூஞ்செல்லாம் வீங்கி, நெஞ்சு வரைக்கும் சேறு. ஒருத்தனுக்கு ஒரு பூட்ஸ்தான் இருந்துச்சு. மகோகனி ஓடை எங்கதான் இருக்குன்னு திட்டிக்கிட்டே, குடிக்க ஏதாவது குடுங்கன்னு துறையிலயே உட்கார்ந்துட்டாங்க.

தலைவர் மேப்பை நினைச்சாரோ என்னவோ, மெதுவா அப்தியாஸ் மாமா பக்கம் திரும்பினாரு. நேலி டீச்சர் மரவள்ளிக் கள்ளைச் சுரைக்குடுவையில மொண்டு மாமா கையில குடுத்தாங்க.

மாமா அதை பூட்ஸ் போனவன்கிட்ட நீட்டினாரு.

"இந்தக் காடு ஆளைச் சுத்த வெச்சிடும் மச்சான். அடுத்த வாட்டி மேப்பைப் பார்த்துட்டுப் போங்க."