மூன்று தட்டு

இராஜபாளையத்தில் மூடப்பழக்கத்தை முழுதாக ஒழித்த ஒரே வீடு எங்களுடையது, ஒழித்தவன் நான்.

பழைய முனிசிபாலிட்டி விதிப்படி எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் மூன்றடிச் சந்து. கக்கூஸின் பின்சுவரில், மலம் அள்ள ஒரு துவாரம். அள்ளுகிறவர் மேல் விழாதிருக்க, உட்காருமுன் சுவரில் மூன்று தட்டு. 1986இல் செப்டிக் டேங்க் கட்டித் துவாரத்தைச் செங்கல் வைத்துப் பூசினோம். சந்தும் அடைபட்டது. ஆறு வருஷமாகியும், யார் போனாலும் அப்பா முதலில் உள்ளே போய்த் தட்டிவிட்டு வருவார்.

“அக்காவைப் பொண்ணு பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வாராங்க. இன்னைக்காவது தட்டி மானத்த வாங்காதீங்கப்பா. அங்க ஆளே கிடையாது.”

“தட்டலேன்னா அள்ளுதவிய எப்பிடிலே ஒதுங்குவாக?” என்றார். ஆனாலும் அடங்கி உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சுயம்புலிங்கம் கேசரி தின்றுவிட்டுக் கக்கூஸுக்குப் போனார். திரும்பி வந்து முற்றத்தில் அந்தக் கேசரியைக் கக்கினார்.

“பின்னால ஆளு நிக்குன்னு சொல்லப்படாதாய்யா? அவுக தலையில விழுந்துட்டு. வழிச்சுப் போடுத சத்தம் கேக்கு.”

சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

சாயங்காலம் நான் உள்ளே போனேன். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் யாருக்கும் கேட்காதபடி மூன்று தட்டுத் தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தகர வாளி நகர்ந்தது.

பிறகு உட்கார்ந்தேன்.