பஞ்சாரத்துக்குள் பெரிய சேவல்

வழிதவறி வந்த சேவலைக் கோழிகள் நேராக இரை மேயும் இடத்துக்கே கூட்டிவந்தது தப்பாகிவிட்டது. பெரிய சேவல் பாய்ந்து கொத்தியது.

"வெளியே போடா!"

"வெளியே நாய் நிக்குதுண்ணே."

"அது உன் பாடு."

கொண்டையில் ரத்தம் வழிய, வந்த சேவல் வாசல்வரை ஒதுங்கியது. நாய் எழுந்தது. அந்த நேரம், சுவரில் சாய்த்திருந்த கோழி மூடும் பஞ்சாரம் பெரிய சேவல்மேல் கவிழ்ந்தது. உள்ளிருந்து கத்திப் பார்த்தது. ஒரு கோழியும் திரும்பவில்லை. வந்த சேவல்தான் திரும்பி வந்து, நாலு நெல்லை இடுக்கு வழியே தள்ளியது.

"சாப்பிடுங்கண்ணே."

பெரியது முறைத்தது. பிறகு தின்றது.

"சரி, இருந்து தொலை. ஆனா விடியக்காலம் கூவுறது நான்தான்."

"நீங்களே கூவுங்கண்ணே. நான் தூங்குறேன்."

கோழிகளுக்கு மூச்சு வந்தது. நாய் படுத்துவிட்டது. காற்றே இல்லாத நாளில் பஞ்சாரம் தானாகவா கவிழும்? தட்டிவிட்டது மொட்டைக்கழுத்துக் கோழி.