வெர்லினின் கடைசிப் பந்து

எதிரணியை ஒரு பந்துகூட அடிக்கவிடாமல் வெர்லின் பந்தெறிந்து ஜெயித்த ஆட்டத்தின் கடைசிப் பந்து, பேஸ்பால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பிடித்தவன் நான். என் பெயர் அங்கே இல்லை.

"இன்னுமா வயித்தெரிச்சல்? அவரு செத்தே ஒன்பது வருஷமாச்சுங்க," என்றாள் என் மனைவி டோரீன்.

கடைசிப் பந்தை எறிந்தவன் கையில் கொடுப்பது, அதைப் பிடிக்கும் கேட்சரின் வழக்கம். அன்று பொறாமையில் வேறு பந்தைக் கொடுத்துவிட்டேன். அது டோரீனுக்குத் தெரியாது. அசல் பந்து என் அலமாரியில், பழைய கையுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். பிடி நழுவாமலிருக்க வெர்லின் தடவிக்கொள்ளும் வெள்ளைப் பிசின்பொடி, பந்தின் மேல் இரண்டு விரல் தடமாக இருந்தது. தினமும் துடைக்கிறேன். மறுநாள் புதிதாக இருக்கிறது.

என் கையுறையில் மட்டும் பொடியே இல்லை.

அப்படியென்றால் ராத்திரியில் அவன் எறிவதைப் பிடிக்கிறவன் எவன்?