கூட்டுப் பட்டா

“வண்டிய ரிவர்ஸ் எடுத்தே நிறுத்தட்டுமா மேடம்? திரும்ப ஓடணும்னா வசதியா இருக்கும்.”

டிரைவர் விக்னேஷ் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வாரம் இதே முருங்கைத் தோப்பில் அளவுக்கல் நட வந்த சர்வேயரை, மண்வெட்டியும் கையுமாக இரண்டு பேர் மெயின் ரோடு வரைக்கும் விரட்டியிருந்தார்கள்.

ரோகிணி நில எடுப்புத் தாசில்தார். ஒட்டன்சத்திரம் பக்கம், மலையடிவாரத்தில் கன்டெய்னர் முனையம் ஒன்று வரப்போகிறது. சுற்றுச்சூழல் அனுமதி, ரயில்வே அனுமதி, சுங்க அனுமதி என்று எல்லாம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நிலம்தான் நகரவில்லை. அதிலும் வரைபடத்தின் நட்டநடுவே கிடந்தது இந்தத் தோப்பு. அண்ணன் தம்பி இருவர் பெயரில் கூட்டுப் பட்டா. நோட்டீஸ் ஒட்டியாயிற்று, நேரில் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள்.

வாசலில் அவர்களுடைய அம்மா வீரம்மாள் நின்றிருந்தாள். திட்டு வாங்கத் தயாராகவே இறங்கினாள் ரோகிணி.

“வாங்க தாயி! நீங்கதான் ரோகிணியம்மாவா? நோட்டீசுல பேரு போட்டிருந்துச்சே. வெள்ளனே பழனிக்குப் போயி உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். நெத்தியக் காட்டுங்க.”

திருநீறு பூசியதோடு விடவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டாள். மோர் வந்தது. சுடச்சுடப் பணியாரமும் மேல்மலைப் பூண்டு அரைத்த துவையலும் வந்தன.

விக்னேஷ் காதருகே குனிந்தான். “சாப்பிடாதீங்க மேடம். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு.”

ரோகிணிக்கு வேறு சந்தேகம். இந்தம்மாவுக்கு விஷயமே புரியவில்லையோ?

“அம்மா, அந்த நோட்டீஸ் உதவித்தொகைக்கு இல்ல. உங்க தோப்பை எடுக்கிறதுக்கு.”

“தெரியும் தாயி.”

“இங்க துறைமுகம் மாதிரி ஒண்ணு வரப்போகுது.”

“கடலே இல்லாத ஊர்ல துறைமுகமா?” வீரம்மாள் சிரித்துவிட்டாள்.

“கப்பல் தூத்துக்குடியிலதான் நிக்கும். பூண்டு, காய்கறி எல்லாத்தையும் இங்கேயே பெரிய பெட்டியில அடைச்சு, சீல் வெச்சு, ரயில்ல அனுப்பிடுவாங்க.”

“நல்ல சோலிதான். இன்னும் ரெண்டு பணியாரம் வைக்கட்டுமா?”

ரோகிணி குரலைத் தாழ்த்தினாள். “தோப்பு போயிடும்மா. உங்க வீட்டுக்காரர் வெச்ச தோப்புன்னு கேள்விப்பட்டேன்.”

வீரம்மாளின் சிரிப்பு நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா. குடத்துல தண்ணி சொமந்து ஊத்தி வளத்தாரு. போச்சுன்னா மனசு கெடந்து அடிச்சுக்கத்தான் செய்யும். ஆனாலும் நீங்க நல்லாயிருக்கணும் தாயி. உங்க புள்ளைகுட்டிக நல்லாயிருக்கணும்.”

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ரோகிணி சாபம்தான் வாங்கியிருக்கிறாள். மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. வாழ்த்தியவர் யாருமில்லை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன.

“ஏலே, ஆட்சேபணை மனுவுல நாம ரெண்டு பேருமே கையெழுத்துப் போடணுமாம். வக்கீல் சொல்லிட்டாரு.”

“போட்டுருவோம்ணே. திண்டுக்கல்லுக்கு என் பைக்லயே போயிரலாம். அந்தத் தாசில்தாரம்மா எப்படி நெலத்த எடுக்குதுன்னு பாத்துருவோம்.”

“அப்படிச் சொல்லு! இந்தா, இந்தப் பணியாரத்தையும் நீயே தின்னு.”

விக்னேஷ் அவசரமாக வண்டிச் சாவியைத் தேடினான்.

ரோகிணி எழுந்துவிட்டாள். “உங்க பசங்களா? அவங்க ஒத்துக்கவே இல்லையேம்மா. பின்னே நீங்க மட்டும் எதுக்கு என்னைக் கும்பிடுறீங்க?”

வீரம்மாள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் தோப்பைப் பங்கு பிரிக்கிற சண்டையில, அப்பன் சாவுக்குக்கூட மூஞ்சி பாக்காம ஆளுக்கொரு பக்கம் நின்னவனுக தாயி இவனுக. உங்க நோட்டீஸ் வந்த பொறகுதான் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறானுக. நெலத்த எடுக்கிறதோ விடுறதோ உங்க இஷ்டம். முடிவ மட்டும் வெரசாச் சொல்லிப்புடாதீங்க!”