ஜெகதீசனின் ஜாஸ்பர்

கல் அறுக்கும் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்த்தார் ஹெர்பர்ட்.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு விரிசல்.

தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஈரம் பட்டால் நிறம் எழும்பும் என்பது கல் பொறுக்குகிறவர்களின் கடைசி நம்பிக்கை. இது நனைந்த சிமெண்டு மாதிரி கிடந்தது.

கல் அவருடையது அல்ல, நண்பர் ஜெகதீசனுடையது. பீமா ஆற்றுப் படுகையில் இருவரும் அலைந்த ஒரு நாளில் கிடைத்தது. கறுப்புப் பாறையே கொட்டிக் கிடக்கிற அந்தப் பக்கத்தில் ஜாஸ்பர் என்கிற பல நிறக் கல் கண்ணில் படுவது அபூர்வம். கல்லின் வெளித்தோலில் ஓரிடத்தில் சிவப்பும் பச்சையும் தெரிந்ததும் ஜெகதீசன் சின்னப் பிள்ளையாகத் துள்ளினார்.

அன்றைக்குத்தான் கோயம்புத்தூரில் அவருடைய அப்பா இறந்துபோனார். ஆற்றில் சிக்னல் இல்லை. கொள்ளி வைக்கக்கூடப் போய்ச் சேர முடியவில்லை. ‘ஒரு கல்லுக்காக’ என்று மனைவி சந்திரிகா சொன்ன சொல் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் பிறகு ஜெகதீசன் அந்தக் கல்லை அறுக்கவே விடவில்லை. டிவி பார்க்கும்போதும் கட்டைவிரல் அதன் தோலைத் தடவிக்கொண்டே இருக்கும். உள்ளே நிறம் இருந்துவிட்டால் அந்த நாள் முழுசாக வீண் இல்லை என்று ஒரு பாழாய்ப்போன ஆறுதல். நோய் முற்றி மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்த பிறகுதான், அறுத்து வரச் சொல்லி ஹெர்பர்ட்டிடம் கொடுத்தனுப்பினார்.

போபோடியில் இருந்த தன் வீட்டின் பின்கட்டில் ஹெர்பர்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், கட்டிலுக்கடியிலிருந்து தன்னுடைய கல்லை எடுத்தார். அவரிடம் இருந்த ஒரே நல்ல ஜாஸ்பர். அறுக்க மனசு வராமல் வைத்திருந்தது.

அறுத்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அடுக்கடுக்காக வந்தன. அழுகையும் வந்தது.

ஆனால் தோல் வேறு. ஜெகதீசனின் விரலுக்குத் தெரிந்துவிடும். வில்லையாக அறுத்து, ஓரத்துத் தோலைச் சுற்றிலும் சீவி எறிந்தார். எந்தக் கல் பைத்தியமும் செய்யாத காரியம் அது. கல் எங்கே பிறந்தது என்று சொல்வதே அந்தத் தோல்தான். அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

மகர்பட்டாவில் இருந்த தன் வீட்டில் ஜெகதீசன் வில்லையை வாங்கி, நாக்கால் ஈரப்படுத்திப் பார்த்தார். கட்டைவிரல் ஓரத்தைச் சுற்றி ஒருமுறை போய் வந்தது. இன்னொரு முறையும் போனது. ஹெர்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சந்திரிகா, இங்க வந்து பாரு. அப்பா போன அன்னைக்குக் கெடைச்ச கல்லு.”

சந்திரிகா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக் கல் எதையும் அவர் தொட்டதில்லை. வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அழகாத்தானுங்க இருக்குது” என்றார். கண்ணைத் துடைத்தபடி, மாமனார் படத்துக்கு முன்னால் வைக்க எடுத்துப் போனார்.

ஜெகதீசன் ஹெர்பர்ட்டின் கையைப் பிடித்து அருகே இழுத்தார். குரல் வெறும் காற்றாக வந்தது.

“என்னோடதை இங்க கொண்டாந்துறாத, ஹெர்பர்ட். ஆத்துலயே போட்டுரு.”