செவலை போன அன்று

தண்ணீர் நிறைந்த அலுமினியத் தட்டோடு கிளம்பிய அம்சவள்ளியை அவள் புருஷன் சின்னராசு குறுக்கே நின்று மறித்தான்.

"கிட்டப் போவாத. அது நம்ம செவலை இல்ல இப்ப."

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

வேலிக்காத்தான் மரத்தடியில் மாட்டுச் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய், அவள் வாசனைக்கே தலையைத் தூக்கப் பார்த்தது. தாடை தொங்கிப்போயிருந்தது. எச்சில் நூல் நூலாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. குரைக்க வாயெடுத்தால் தொண்டை கட்டிய கிழவன் இருமுவதுபோல் ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

போன மாசம் மலைப்பக்கமிருந்து ஒரு வெறிநாய் ஊருக்குள் புகுந்து இரண்டு ஆடுகளைக் குதறியது. தெருக்காரர்கள் சேர்ந்து அதை அடித்துப் போட்டார்கள். அதோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். செவலையையும் அது ஒரு கடி கடித்துவிட்டுத்தான் செத்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியான தங்கதுரை விடிந்ததும் வந்து சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் ஓடியாடுகிற தெரு. உச்சிப்பொழுதுக்குள் நீயே முடித்துவிடு, இல்லையென்றால் நாங்கள் நாலு பேர் கம்பெடுத்து வரவேண்டியிருக்கும் என்றார்.

நாலு பேர் கம்பெடுத்தால் எப்படியிருக்கும் என்று சின்னராசுவுக்குத் தெரியும். அந்த வெறிநாயை அடித்தவர்களில் அவனும் ஒருவன். அது லேசில் சாகவில்லை.

செவலை அம்சவள்ளி எடுத்து வளர்த்த நாய். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கொல்லையில் கடைசிச் சால் கரும்பு வெட்டும்போது, சருகுக்குள் கண்கூடத் திறக்காமல் கிடந்தது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்து பிழிந்து பிழைக்க வைத்தாள். வளர்ந்தபிறகு கரும்புக்குள் அதுதான் முதலில் நுழையும். அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால்தான் அவள் கத்தியை எடுப்பாள். அது வந்ததிலிருந்து அவளுக்குப் பாம்பு பயம் விட்டுப்போயிருந்தது.

"தாகத்தோட அனுப்பாத மாமா," என்றாள்.

அவன் தட்டை வாங்கிக்கொண்டு போய்த் தரையில் வைத்து, மண்வெட்டிக் காம்பால் நாயின் முன்னே தள்ளினான். செவலை தண்ணீரில் மூக்கை வைத்தது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை.

அவளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான்.

சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது என்று பக்கத்து வீட்டு இருசம்மாள் பிறகு சொன்னாள்.

ஓடைக்கரையில் இடுப்பளவு தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தான். சங்கிலியையும் தட்டையும் கூடவே போட்டு மூடினான். குளித்துவிட்டு வீடு திரும்பியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அம்சவள்ளி அழவில்லை. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொம்பில் மொண்டு குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். திரும்பவும் மொண்டு குடித்தாள்.

துக்கத்தில் தொண்டை காய்ந்திருக்கும் என்று நினைத்தான். மலையில் ஆட்டுக்காரர்களிடம் நல்ல நாய்க்குட்டி கிடைக்கும், நானே போய்த் தூக்கிவருகிறேன் என்றான். கஞ்சி ஊற்றி வைத்தான். அவள் தொடவில்லை. சொம்பு மறுபடியும் குடத்துக்குள் போயிற்று.

"இன்னாத்துக்கு இவ்ளோ தண்ணி குடிக்கிற?"

"எறங்குதான்னு பாத்துக்கினு இருக்கேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

அவள் இடது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். கரும்புத் தோகை அறுத்துவிட்டது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, அப்பிய மஞ்சளுக்கு நடுவில், பல் பதிந்த தடம் இருந்தது.

முந்தாநாள் அவன் வேலைக்குக் கிளம்பும்போதே செவலைக்கு எச்சில் வடிந்துகொண்டிருந்தது. கோழி எலும்பு ஏதாவது சிக்கியிருக்கும், எடுத்துவிடு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். சொன்னதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தேடியிருக்கிறாள். அது வேண்டுமென்று கடிக்கவில்லை, வலி தாங்காமல்தான் வாயை மூடியது என்றாள். வெளியே சொன்னால் அன்றைக்கே அடித்துவிடுவார்கள். அதனால்தான் சொல்லவில்லையாம். எலும்பாகத்தான் இருக்கும், தானாக இறங்கிவிடும் என்று இரண்டு நாளும் வேண்டாத சாமியில்லையாம்.

சின்னராசு அவள் கையை இழுத்து வைத்து, சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மஞ்சள் போயிற்று. தடம் போகவில்லை. பிறகுதான் புத்தி வந்தவனாக அவளை எழுப்பிக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினான்.

வெள்ளிமலையிலிருந்து வரும் பஸ் தெரிந்ததும் நடுரோட்டில் போய் நின்றான். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி என்று மட்டும் கண்டக்டரிடம் சொன்னான். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எங்கோ கேட்டிருந்தான். எத்தனை நாளைக்குள் போடவேண்டும் என்று கேட்டு வைத்திருக்கவில்லை.

பஸ் பாலத்தைத் தாண்டும்போது அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அடிக்கசொல்ல அது உன்னப் பாத்துச்சா மாமா?"

பார்த்தது. அவன் கடப்பாரையை ஓங்கியபோது வாலை ஆட்டியது.

"இல்ல," என்றான் சின்னராசு.