அரைஞாண்கயிற்றுச் சாவி

அப்பாவுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தர வந்திருந்த பூவிழியின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்க குடுக்க முடியாதுங்க. ரெண்டு கிட்னியும் ரொம்பச் சின்னது. பொறக்கும்போது எடை கம்மியா?"

"பூனைக்குட்டியாட்டம் இருந்தா," என்றாள் அம்மா பவளக்கொடி.

"வயித்துலயே பட்டினி கெடந்திருக்காங்க. கெடைச்ச கொஞ்சத்த மூளைக்குக் குடுத்துட்டு, கிட்னியில மிச்சம் புடிச்சிருக்கு உடம்பு. பஞ்சத்துல உயிர் பொழைக்க மனுச உடம்பு ஆதியிலேயே கத்துக்கிட்ட வழி அது."

பவளக்கொடி கணவன் வைரப்பனின் இடுப்பைப் பார்த்தாள். நிறையத் தின்றால் பிள்ளை பெருத்து ஆஸ்பத்திரிச் செலவு வைக்கும் என்று, அவள் சுமந்த மாதங்களில் அரிசியும் பருப்பும் இருந்த அறையை அவன் பூட்டி வைத்த சாவி, அரைஞாண்கயிற்றில் இன்னும் தொங்கியது.

வைரப்பனின் வீங்கிய முகம் அவள் பக்கம் திரும்பியது. "அப்ப நீ குடுடி."

"உங்களுக்கு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமாம்மா?" என்றார் டாக்டர்.

அவள் குனிந்து, நிதானமாக அந்தச் சாவியை அவிழ்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"பசிக்குது டாக்டர். நானும் எம் மகளும் வயிறாரச் சாப்ட்டுட்டு வந்து சொல்றோம்."